காய்ச்சல் இருந்ததா?

வேலப்பன்: கால் வீங்கும், கண்டிருக்கேன். கன்னம் வீங்கும். யானைக்கால் வந்தா ஊரே பாக்கும்படி வீங்கும். மூளை வீங்கும்னு இப்பம்தான் அத்தான் கேக்கேன்.

பூதலிங்கம்: டாக்டர் சொன்னாரு வேலப்பா. நானா சொன்னேன்?

வேலப்பன்: மண்டையோடு இம்புட்டுக் கெட்டி. உள்ள வீங்கதுக்கு இடம் எங்க இருக்கு?

பூதலிங்கம்: அதுதான் கொடுமைன்னாரு. இடம் இல்லாததுனால நெருக்குமாம். நெருக்கினா ஆளே மாறிப் போகுமாம். பேச்சு மாறும், சிரிப்பு மாறும், பெத்த பிள்ளையைத் தெரியாம போகும்...

வேலப்பன்: அப்பம் நம்ம சரஸ்வதிக்கு அதுதான்னு சொல்லுகாரா?

பூதலிங்கம்: இருக்கலாம்னாரு.

வேலப்பன்: அப்பிடின்னா...

பூதலிங்கம்: இல்லாமலும் இருக்கலாம்னாரு.

வேலப்பன்: இது என்ன எளவு! இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதச் சொல்லதுக்கு மெட்ராசிலே போயி படிக்கணுமா? எங்க ஊரு குறிகாரன் சொல்ல மாட்டானா?

பூதலிங்கம்: மெல்லப் பேசு. பொம்பளை வார்டு வராந்தா. அந்த சிஸ்டர் வந்தா ரெண்டு பேரையும் வெளிய தள்ளிருவா.

வேலப்பன்: எப்பிடி மெல்லப் பேசதுக்கு? காலம்பற திருவனந்தபுரத்துக்கு மொத பஸ்ஸப் புடிச்சேன். தக்கலையிலே ஊர்வலம், பஸ் அங்ஙனயே கெடந்து போச்சு. ஒருபாடு நேரம் கழிச்சு வந்து பாத்தா, கூடப்பொறந்தவ ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கா. என்னப் பாத்து, "வாங்க அண்ணாச்சி, மஞ்சள் என்ன விலை"ங்கா. அத்தான்... என்கிட்ட! தோள்லே தூக்கிக்கிட்டு பூதப்பாண்டித் தேரு காட்டினவன்கிட்ட!

பூதலிங்கம்: உன்ன அண்ணாச்சின்னாவது சொன்னா. என்னப் பாத்து யாருன்னே கேக்கல்ல.

வேலப்பன்: எனக்கு ஒரு தந்தி அடிக்கப்பிடாதா? நேத்து ராத்திரி இங்கேருந்து வந்த ஒரு வியாபாரி சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது.

பூதலிங்கம்: அடிச்சா நீ வருவேன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? வருஷத்துக்கு ஒருக்கா பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்கா உடைக்க வாற ஆளு. தங்கச்சி வீட்டுலே ஒரு வேளை கை நனைச்சதுண்டா?

வேலப்பன்: அது... நேந்துகிட்ட காரியம். உடைச்ச கையோட ஊருக்குத் திரும்பணும்.

பூதலிங்கம்: என் கடை கோயிலுக்கு எதிர்த்தாப்பிலதான். ஜவுளி விரிச்சுப் போட்டுக்கிட்டு நாள் பூரா கோயிலைப் பாத்துத்தான் இருக்கேன். நீ தேங்கா உடைச்சு ஒரு வருஷமாவது என் கண்ணுலே பட்டதில்லியே!

வேலப்பன்: கூட்டத்துலே எப்பிடித் தெரியும்? சவத்த விடுங்க. இப்பம் அதா பெரிசு? மொதல்லேருந்து சொல்லுங்க. டாக்டர் என்ன கேட்டாரு?

பூதலிங்கம்: ரெண்டே கேள்வி. இந்தக் கோளாறு வாறதுக்கு முன்னால காய்ச்சல் இருந்துதா? குடும்பத்திலே வேற யாருக்காவது இப்பிடி உண்டுமா?

வேலப்பன்: நீங்க என்ன சொன்னிய?

பூதலிங்கம்: ரெண்டுக்கும் இல்லைன்னேன்.

வேலப்பன்: ஓ...

பூதலிங்கம்: ரெண்டாவது கேள்வி உங்க குடும்பத்துக்கு உள்ளது. உனக்குத்தான் தெரியும். இல்லல்லா?

வேலப்பன்: இல்ல. நம்ம குடும்பத்திலே என்ன... இல்ல.

பூதலிங்கம்: பின்ன சரி.

வேலப்பன்: காய்ச்சல் இருந்துதுன்னு சொன்னா என்ன செய்வாராம்?

பூதலிங்கம்: இங்கேயே வச்சுப் பாப்பாங்களாம். முதுகெலும்பிலே ஊசி குத்தி நீர் எடுப்பாங்களாம். அந்த நீரு சொல்லிரும்னாரு. வீக்கம்னா, ஆளை ஆட்டாம அசைக்காம காத்துக்கெடக்கணும். வடிஞ்சா திரும்பி வந்துருவாங்களாம். எல்லாரும் இல்ல... கொஞ்சம் பேரு.

வேலப்பன்: காய்ச்சல் இல்லைன்னா?

பூதலிங்கம்: இல்லைன்னா இது மனசுச் சூக்கேடு, பைத்தியம். அங்க பாரு, போர்ட்டிகோவிலே.

வேலப்பன்: அந்தக் கறுத்த வேனா?

பூதலிங்கம்: பைத்தியாஸ்பத்திரி வண்டி. சரஸ்வதியக் கொண்டு போகத்தான் வந்து கெடக்கு. அங்க கொண்டு போயி தலையிலே கரண்டு வைப்பாங்க.

வேலப்பன்: பகவானே! பின்ன என்னத்தான் யோசனை? உள்ள போங்க. காய்ச்சல் இருந்துதுன்னு சொல்லுங்க!

பூதலிங்கம்: இல்லாததை எப்பிடிச் சொல்லதுக்கு?

வேலப்பன்: வாயாலதான். "டாக்டரே, மறந்துட்டேன், நல்ல காய்ச்சல் அடிச்சுது, பல்லு கிட்டிச்சு, பிதற்றினா." அம்புட்டுதான். குளிருன்னும் சேத்துக்கிடுங்க, குளிரு இருந்தா நம்புவாங்க.

பூதலிங்கம்: பொய் சொல்லச் சொல்லுகியா?

வேலப்பன்: கெஜக்கோலைச் சரிச்சுப் புடிச்சு ஊருக்கெல்லாம் துணி அளக்குத ஆளு... ஒரு பொய்க்கு இப்பிடி மலைக்கிய?

பூதலிங்கம்: அது வியாபாரம். இது வைத்தியம். தப்பான காரணம் சொன்னா தப்பான மருந்து. முதுகிலே ஊசி குத்தும்போ ஏதாவது ஆச்சுன்னா? நான் பொய் சொல்ல மாட்டேன் வேலப்பா. செத்தாலும் மாட்டேன்.

வேலப்பன்: உங்க அரிச்சந்திர வேஷத்துக்கு இன்னைக்குத்தானா நேரம் கெடச்சுது?

பூதலிங்கம்: நீ என்ன வேணும்னாலும் சொல்லிக்கோ.

வேலப்பன்: சரி... கோபப்படாதிய. இது எப்பிடித் தொடங்கிச்சு? அதையாவது வெவரமாச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் பிடிபடல்ல.

பூதலிங்கம்: எனக்கு மட்டும் பிடிபட்டுதா? அன்னைக்குக் காலம்பற எந்திரிச்சா. முத்தம் தெளிச்சா. கோலம் போட்டா. நல்லாத்தான் போட்டா, புள்ளி வச்சு, இழை இழுத்து. முடிக்கத்தான் இல்ல.

வேலப்பன்: முடிக்கல்லைன்னா?

பூதலிங்கம்: இழுத்த இழைய விடாம இழுத்துக்கிட்டே போறா. வாசல் தாண்டி, நடைபாதை தாண்டி, வலியசாலைத் தெரு நெடுக. மாவு எப்பமோ தீந்து போச்சு. வெறும் விரலால இழுக்கா. அய்யர் வீட்டு முன்னால போயி குனிஞ்சு நிக்கா. விரல் நுனி தேஞ்சு ரத்தம். "ஏட்டி, என்ன செய்யுக?"ன்னு கேட்டேன். நிமிந்து பாத்தா. அந்தப் பார்வை... வேத்து ஆளைப் பாக்குத பார்வை. "முடியுத எடத்தத் தேடுகேன்"ங்கா.

வேலப்பன்: ஆளு பாத்தாங்களா?

பூதலிங்கம்: பாக்காம? பால்காரன் சைக்கிளை நிறுத்திட்டு பாத்தான். கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தேன். மடமடன்னு கூடவே வந்தா. அடுக்களைக்குப் போயி அரிசியக் களையத் தொடங்கினா. களைஞ்சா, களைஞ்சா, உச்சி வரைக்கும் களைஞ்சா. "உலை கொதிச்சு வத்திப் போச்சு, போடுட்டி"ன்னேன். "தண்ணி இன்னும் கலங்கிக் கெடக்கே"ங்கா. தண்ணி கண்ணாடியா இருக்கு வேலப்பா! அரிசிதான் நொறுங்கிப் போச்சு.

வேலப்பன்: களைஞ்சுக்கிட்டேவா இருந்தா?

பூதலிங்கம்: ஆமா. ஏன்?

வேலப்பன்: ஒண்ணும் இல்ல. சொல்லுங்க.

பூதலிங்கம்: பாப்பா பசிக்குன்னு போயி மடியிலே விழுந்தா. மெல்ல எடுத்து எறக்கி விட்டுட்டு, என்கிட்ட சொல்லுகா... "யாரு பிள்ளையோ, தாயத் தேடும். கொண்டு விட்டுட்டு வாங்க"ன்னு. கோபத்துலே சொல்லல்ல. எரக்கப்பட்டுச் சொல்லுகா. அதுதான் என்னால தாங்க முடியல்ல.

வேலப்பன்: அத்தான்... அழாதிய. ஆளு பாக்குது.

பூதலிங்கம்: பாக்கட்டும்.

வேலப்பன்: பொறவு?

பூதலிங்கம்: பிள்ளையக் கடுக்கரையிலே அக்கா வீட்டுலே கொண்டு விட்டேன். இவள வித்துராவுக்குக் கூட்டிக்கிட்டு போனேன், ஒரு மந்திரவாதி உண்டுன்னு சொன்னாங்க. கறுத்த கோழி, கறுத்த கயிறு. ஒண்ணும் கேக்கல்ல. நேத்தைக்கு இங்க கொண்டு வந்தேன்.

வேலப்பன்: பாப்பாவ நான் போன வாரம் கடுக்கரையிலே பாத்தேன். மெலிஞ்சு எலும்பா இருக்கா. மேலெல்லாம் தவிடு மாதிரி தோல் உரியுது. என்னன்னு கேட்டா உங்க அக்கா வெயிலுங்கா. தாயிக்கு இப்பிடின்னு ஒரு வார்த்தை சொன்னாளா? எல்லாரும் சேந்துல்லா வாயப் பூட்டியிருக்கிய.

பூதலிங்கம்: வெயில்தான். திருவனந்தபுரத்து வெயிலு.

வேலப்பன்: இந்த ஊருலே எந்நேரமும் மழை பெய்யுது. வெயில் எங்க கண்டிய?

பூதலிங்கம்: நீ போலீஸா? ஒண்ணொண்ணா கேக்க?

வேலப்பன்: சவம், கேட்டா கோபம். மாத்துப் புடவை எடுக்கதுக்கு உங்க வீட்டுக்குப் போனேன்லா? அங்க பாய்க்கு அடியிலே ஒரு கை வேப்பிலை, காஞ்சு சருகாக் கெடக்கு. அது என்னத்துக்குன்னு கேட்டா அதுக்கும் கடிப்பிய.

பூதலிங்கம்: மூட்டைப்பூச்சிக்கு.

வேலப்பன்: சாலைக் கடைத்தெருப் பக்கத்து வாடகை வீடெல்லாம் அப்பிடித்தான். அதான் ஒரு நாள் தங்கதுக்கு எனக்கு மனசு வாறதில்ல.

பூதலிங்கம்: ஓகோ. மூட்டைப்பூச்சிக்குப் பயந்துதான் நீ தேங்கா உடைச்ச கையோட ஓடுகியா?

வேலப்பன்: அத்தான், மனசு எங்க இருக்கு?

பூதலிங்கம்: என்னது?

வேலப்பன்: மனசுச் சூக்கேடுன்னா பைத்தியாஸ்பத்திரி, மூளை வீக்கம்னா இந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுகிய. களையுதது ஒரே அரிசி. மறந்தது ஒரே பிள்ளை. எது மனசு செஞ்சது, எது மூளை செஞ்சதுன்னு எப்பிடிப் பிரிப்பாங்க?

பூதலிங்கம்: நானும் அதைத்தான் கேட்டேன். டாக்டர் என் நெஞ்சத் தொடல்ல. நெத்தியத் தொட்டாரு. "எல்லாம் இங்கதான்"னு சொல்லிட்டு போயிட்டாரு.

வேலப்பன்: அப்பம் நெஞ்சு ஏன் இப்பிடி அடிச்சுக்கிடுது?

ராகேல்: சரஸ்வதிக்க ஆளு யாரு? நீங்க ரெண்டு பேருமா?

பூதலிங்கம்: ஆமா சிஸ்டர். நான் கட்டினவன். இது அண்ணன்.

ராகேல்: என் பேரு ராகேல். இந்த வார்டு எனக்க பொறுப்பு. உங்க பொம்பளை ஒரு எடத்துலே இருக்காது. கட்டில்லே கெடத்தினா எந்திரிச்சு வார்டு வாசல்லே வந்து நிக்குது. முந்தானையக் கிழிக்குது. கிழிச்ச துண்டை எடுத்து, குதிகாலைத் தூக்கி நின்னு, நிலைப்படிக்கு மேல கட்டப் பாக்குது. கை எட்டாம அழுது. நான் அவுக்க, அது கட்ட, நான் அவுக்க, அது கட்ட. எந்து கூத்து இது?

வேலப்பன்: தோரணமா கட்டுகா? கல்யாண வீடுன்னு நெனைப்போ?

ராகேல்: யாரு கண்டா? என்னத்துக்கு கட்டுகேன்னு கேட்டா வாயத் தொறக்காது. வெரலை உதட்டுலே வச்சு, சொல்லப்பிடாதுன்னு எனக்கு ஜாடை காட்டுது.

பூதலிங்கம்: வண்டிக்காரன் எறங்கி வாறான் பாரு வேலப்பா.

ராகேல்: கேட்டேளா அண்ணாச்சி? உங்ககிட்டதான்.

பூதலிங்கம்: எனக்குத் தெரியல்ல சிஸ்டர்.

ராகேல்: சரி. டாக்டர் சாரு இன்னொருக்கா கேட்டுட்டு வரச் சொல்லிச்சு. முன்னால காய்ச்சல் உண்டாயிருந்தா, இல்லியா?

வேலப்பன்: உண்டும் சிஸ்டர்!

பூதலிங்கம்: இல்ல சிஸ்டர்.

வேலப்பன்: நல்ல காய்ச்சல். குளிரு, நடுக்கம்...

பூதலிங்கம்: அவன் ஊருலேருந்து இன்னைக்குத்தான் வந்தான். அவனுக்குத் தெரியாது.

ராகேல்: இது என்ன சந்தையா, ஆளுக்கு ஒரு விலை சொல்லதுக்கு? ரெண்டு பேரும் பேசி முடிச்சு ஒரு வார்த்தையாச் சொல்லணும். டாக்டர் சாரு மத்த வார்டைப் பாத்துட்டு வரும். வண்டிக்காரன் நேரமாச்சுன்னு சத்தம் போட்டு பெகளம் வைக்கான். நான் இப்பம் வருவேன்.

வேலப்பன்: பாத்தியளா? கெடுத்துட்டிய!

பூதலிங்கம்: நீதான் கெடுத்த. வாய் கொழுப்பு.

வேலப்பன்: உள்ளதச் சொல்லுங்க. சரஸ்வதி அங்க போனா உங்களுக்கு நிம்மதி. வேற ஒருத்தியக் கட்டிக்கிடலாம், இல்லியா?

பூதலிங்கம்: வேலப்பா! நாக்கு அழுகிரும்! நீ எதுக்குக் காய்ச்சல் காய்ச்சல்னு துள்ளுகன்னு எனக்குத் தெரியாதா? வீட்டுலே இளையவ பொன்னம்மைக்குத் தக்கலையிலேருந்து பொண்ணு கேட்டு வந்திருக்கான். அக்காவுக்குப் பைத்தியம்னா அந்தச் சம்பந்தம் போயிரும். காய்ச்சல்னா போகாது. சரஸ்வதிய நெனைச்சா துள்ளுக நீ?

வேலப்பன்: அதுவும் உண்டு. இல்லைன்னு சொல்லல்ல.

பூதலிங்கம்: பாத்தியா?

வேலப்பன்: அது மட்டும் இல்ல அத்தான். நான்... உங்ககிட்ட ஒரு காரியம் மறைச்சுட்டேன். கல்யாணம் பேசும்போதே சொல்லியிருக்கணும். எங்க அம்மா சொல்லவிடல்ல.

பூதலிங்கம்: என்ன காரியம்?

வேலப்பன்: அந்த ரெண்டாவது கேள்வி. குடும்பத்திலே வேற யாருக்காவது உண்டுமான்னு... உண்டும். எங்க பிச்சம்மாள் சித்தி. அம்மாவுக்கு நேர் இளையவ.

பூதலிங்கம்: ஆத்தோட போனான்னு சொன்னியளே, அவளா?

வேலப்பன்: அவதான். எங்க வீட்டுலேயே அவ கைப்பக்குவம்தான் பக்குவம். சிரிச்சா நாலு வீடு கேக்கும். நான் நிக்கர் போட்டு நடக்குத காலம், என்னைய இடுப்பிலேருந்து எறக்க மாட்டா. ஒரு நாளு ஆத்துக்குத் துணி தொவைக்கப் போனவ வரல்ல. போயி பாத்தா ஒரு வேட்டிய வச்சுக்கிட்டு தொவைக்கா, தொவைக்கா, தொவைச்சுக்கிட்டே இருக்கா. துணி கிழிஞ்சு நூலாப் போச்சு. "வா சித்தி"ன்னு கூப்பிட்டேன். "அழுக்கு போகல்லியே தம்பி, நீ யாரு வீட்டுப் பிள்ளை?"ன்னா.

பூதலிங்கம்: சரஸ்வதி அரிசி...

வேலப்பன்: அதான் நீங்க சொன்னதும் எனக்குச் சித்தி ஞாவகம் வந்துது. இது ரத்தத்திலே வாறது அத்தான். டாக்டருக்குத் தெரிஞ்சா அப்பமே வண்டியிலே ஏத்திருவாரு. அங்க போனா திரும்பி வர மாட்டா. அதுக்குத்தான் ஒரு பொய் சொல்லுங்கன்னு கெஞ்சுகேன். தங்கச்சிக்காக. உங்க காலைப் புடிக்கேன்.

பூதலிங்கம்: காலை விடு. உங்க சித்திக்கு இது எப்பிடித் தொடங்கிச்சு? சும்மா இருந்தவளுக்கா?

வேலப்பன்: சும்மா இருந்தவளுக்குத்தான். அம்மன் வந்து எறங்கி, எந்திரிச்சு நடமாடத் தொடங்கியிருந்தா. நல்லாத்தான் இருந்தா. திடீர்னு...

பூதலிங்கம்: என்ன சொன்ன?

வேலப்பன்: திடீர்னு இப்பிடி ஆயிப்போச்சு.

பூதலிங்கம்: அதுக்கு முன்னால சொன்னது. அம்மன் வந்து எறங்கின்னு சொன்னேல்லா?

வேலப்பன்: ஆமா, ஊரெல்லாம் அம்மை போட்டிருந்த வருஷம். எங்க வீட்டுலே அவளுக்குத்தான் வந்துது. அதுக்கென்ன?

பூதலிங்கம்: வாசல்லே வேப்பிலை கட்டினியளா?

வேலப்பன்: கட்டாம? கொத்துக் கொத்தா கட்டியிருந்துது.

பூதலிங்கம்: தலைக்குத் தண்ணி விட்டியளா?

வேலப்பன்: மூணு தண்ணி. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, வெயில்லே வச்ச தண்ணி. எங்க அம்மாதான் விட்டா.

பூதலிங்கம்: தாளிதம் வச்சியளா? கறி, மீனு? வீட்டுக்குள்ள யாராவது சத்தம் போட்டியளா?

வேலப்பன்: ஒண்ணும் கெடையாது. முத்தாரம்மன் கோயில்லே கூழு ஊத்தியாச்சு, கண்மலர் சாத்தியாச்சு. ஒரு கொறையும் வைக்கல்ல.

பூதலிங்கம்: ஒரு கொறையும்?

வேலப்பன்: ஒரு கொறையும்.

பூதலிங்கம்: பின்னயும் புத்தி போச்சா?

வேலப்பன்: போச்சு. என்னத்தான், ஏன் இப்பிடி வேர்க்கிய?

பூதலிங்கம்: அம்மன் கோபிக்கதுக்கு ஒண்ணுமே செய்யல்ல. பின்னயும் போச்சு... அப்பம் அது கோபம் இல்ல. அப்பம் நான்...

வேலப்பன்: என்ன பிதற்றுகிய? உங்களுக்கும் வீங்கிருச்சா?

பூதலிங்கம்: உங்க வீட்டுலே யாராவது அதைக் காய்ச்சல்னு சொன்னியளா? உங்க சித்திக்கு?

வேலப்பன்: அதை யாரு காய்ச்சல்னு சொல்லுவா? அம்மன் வந்திருக்கும்போ காய்ச்சல், சூக்கேடுன்னு வாயாலச் சொல்லப்பிடாதுல்லா? சொன்னா அவ இன்னும் கொஞ்சம் வெளையாடிட்டுல்லா போவா?

பூதலிங்கம்: ஆமா. சொல்லப்பிடாது. அதேதான்.

ராகேல்: ஆச்சா? டாக்டர் சாரு வந்தாச்சு. வண்டிக்காரன் ஹாரன் அடிக்கது கேக்கல்லியா? ஒரு வார்த்தை. உண்டா, இல்லியா?

வேலப்பன்: சிஸ்டர், நான் சொல்லுகேன். நல்ல காய்ச்சல்...

பூதலிங்கம்: வேலப்பா, நீ பொய் சொல்லாண்டாம்.

வேலப்பன்: அத்தான், உங்களக் கும்பிடுகேன்...

பூதலிங்கம்: நீ சொல்லாண்டாம். நான் சொல்லுகேன். காய்ச்சல் இருந்துது சிஸ்டர்.

வேலப்பன்: அப்பாடா!

ராகேல்: நேத்தைக்கும் இல்லன்னு சொன்னீங்க. கொறச்சு முன்னாலயும் இல்லன்னு சொன்னீங்க.

பூதலிங்கம்: இருந்துது. மொதல்ல பாப்பாவுக்கு வந்துது. பொறவு இவளுக்கு. கண்ணு செவந்து, வெளிச்சத்தப் பாக்க முடியாம மொகத்த மூடிக்கிட்டே கெடந்தா. மூக்கு ஒழுகிச்சு. மேலெல்லாம் மணல் அள்ளித் தூவினாப்பிலே...

வேலப்பன்: நல்லாச் சொல்லுகிய அத்தான். மணல்வாரி அம்மை. நல்ல யோசனை. விடாதிய.

பூதலிங்கம்: எறங்கிச்சு. எந்திரிச்சு நடந்தா, ஒரு கை சோறும் தின்னா. திரும்பவும் அனலா அடிச்சுது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துது. அது நின்னு, மறுநாள் காலம்பறதான் கோலம் போட்டா. தெரு நெடுக.

ராகேல்: கர்த்தாவே! வலிப்பும் உண்டாயிருந்தா? மணல்வாரி கண்டு, காய்ச்சல் விட்டுத் திரும்ப வந்து, வலிப்பும் வந்து... இதையா இல்லன்னு சொன்னீங்க?

வேலப்பன்: அத்தான்... கொஞ்சம் நில்லுங்க. நீங்க கட்டிச் சொல்லுகியளா, இல்ல... பாயிக்கு அடியிலே கெடந்த அந்த வேப்பிலை?

பூதலிங்கம்: மூட்டைப்பூச்சிக்கு இல்ல.

வேலப்பன்: பாப்பா மேலு உரிஞ்சது?

பூதலிங்கம்: வெயில் இல்ல.

வேலப்பன்: அடப்பாவி மனுஷா! உள்ளதச் சொல்லதுக்கா இவ்வளவு நேரம் பொய் சொல்லுங்க, பொய் சொல்லுங்கன்னு நான் கெஞ்சினேன்?

பூதலிங்கம்: அம்மை போட்ட வீடுன்னு தெரிஞ்சா நகரசபைக்காரன் வந்து ஆளைத் தூக்கிட்டு போயிருவான். பக்கத்துத் தெருவிலே ஒரு தாயையும் பிள்ளையையும் கொண்டு போனான், கண்டேன். வீட்டுக்காரன் எறங்குன்னுவான், என் கடைப்படி ஒருத்தன் ஏற மாட்டான். அதனால வாசல்லே ஒண்ணும் கட்டப்பிடாதுன்னேன். சரஸ்வதி கையெடுத்துக் கும்பிட்டா. "அம்மன் வந்திருக்கா, வாசல்லே வேப்பிலை இல்லைன்னா கோவிச்சுக்கிடுவா, ஒரு கொத்து, ஒரே ஒரு கொத்து"ன்னு அழுதா. "மூச்சு விடாதே, யாருகிட்டயும் சொல்லாதே"ன்னு வெரலை உதட்டுலே வச்சுக் காட்டினேன். பாயிக்கு அடியிலே போட்டேன். தண்ணியும் விடல்ல.

ராகேல்: அதுதான் அந்தப் பொம்பளை எனக்க வார்டு வாசல்லே...

பூதலிங்கம்: வேப்பிலைதான் கட்டுகா சிஸ்டர். நான் கட்ட விடாததை.

வேலப்பன்: இதை டாக்டர்கிட்ட மறைக்கது என்னத்துக்கு அத்தான்?

பூதலிங்கம்: நான் செஞ்ச அவமரியாதைக்குத்தான் அம்மன் அவ புத்தியைப் புடுங்கிட்டா, நான் வேற என்னத்த நெனைப்பேன்? இதுக்கு மேல அம்மனைச் சூக்கேடுன்னு டாக்டர் முன்னால சொன்னா உயிரையும் எடுத்துக்கிடுவா. புத்தி போனாலும் போகட்டும், ஆளு உயிரோட கெடக்கட்டும்னு வாயை மூடிக்கிட்டேன். எல்லா முறையும் செஞ்ச உங்க வீட்டுலயும் இதேதான் நடந்துதுன்னு நீ சொன்னப்பம்தான்... எனக்கு ஒண்ணும் தெரியல்ல வேலப்பா. எது அம்மன், எது மூளை, எனக்கு இப்பமும் தெரியல்ல. அவ திரும்பி வரணும். அம்புட்டுதான் தெரியும்.

ராகேல்: அழுதது போதும் அண்ணாச்சி. திரும்பி வருமான்னு டாக்டர் சாருக்கே தெரியாது. ஆனா இங்கதான் கெடக்கும், முதுகுநீர் எடுத்துப் பாப்பாங்க, அது நிச்சயம். முத்தத்துலே வேப்பமரம் நிக்குது, ஒரு கொத்து ஒடிச்சுக்கிட்டு வாங்க. நான் வாசல்லே கட்டுகேன். அந்தப் பொம்பளை ஒரு எடத்துலே கெடந்தா மதி, அது போதும்.

பூதலிங்கம்: நீங்க வேதக்காரங்க... கட்டலாமா?

ராகேல்: கட்டில்லே ஆளு கெடக்கணும். அதுதான் எனக்கு வேதம். நான் போயி வண்டியத் திருப்பி அனுப்புகேன்.

வேலப்பன்: சிஸ்டர், ஒரு நிமிஷம். வண்டிய நிறுத்துங்க.

ராகேல்: அது எதுக்கு? உங்க ஆளு இங்கதானே கெடக்குது?

வேலப்பன்: அந்த வண்டி போற எடத்துக்கு நான் போகணும், அங்க ஒரு வார்த்தைய மாத்திச் சொல்லணும். என்னைய ஏத்திக்கிட்டு போகச் சொல்லுங்க.

பூதலிங்கம்: பைத்தியாஸ்பத்திரிக்கா? அங்க உனக்கு யாரு இருக்கா?

வேலப்பன்: எங்க பிச்சம்மாள் சித்தி. அவ ஆத்தோட போகல்ல அத்தான், உயிரோட இருக்கும்போதே நாங்கதான் பதினாறு கழிச்சோம். வருஷாவருஷம் நான் பாத்துட்டுப் போறது பழவங்காடிப் பிள்ளையாரை இல்ல, அவளைத்தான். அங்க கொண்டு விட்ட அன்னைக்கு அந்த டாக்டரும் எங்க அம்மாகிட்ட இதே கேள்வியைத்தான் கேட்டாரு. "காய்ச்சலே இல்லை"ன்னு சொல்லிட்டு, வாசல்லே கெடந்த செருப்பை எடுத்துப் போட்டுக்கிட்டு வந்துட்டோம்.